வாடகை வீட்டில் காற்று, வெளிச்சம், தண்ணீர்: வடசென்னையில் நாங்கள் செய்த சிறு மாற்றங்கள்

வாடகை வீட்டுக்கு எதற்குக் கைக்காசைப் போட வேண்டும் என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. நாளைக்கே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டால் போட்டதெல்லாம் போய்விடுமே என்று என் கணவர் சொன்னது நியாயமான பயம்தான். ஆனால் சொந்த வீடு அமையும்வரை ஒழுகும் குழாயோடும், புகை வெளியேறாத சமையலறையோடும், பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறையோடும் காலம் தள்ளுவதென்றால், பிள்ளைகள் வளரும் ஆண்டுகளெல்லாம் அப்படியே கழிந்துவிடும். முதலில் ராயபுரத்தில் ஒரு தரைத்தள போர்ஷனிலும், இப்போது புது வண்ணாரப்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஒரு வீட்டிலும் குடியிருந்து நான் அறிந்துகொண்டது இதுதான்: அலங்காரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, காற்று, வெளிச்சம், தண்ணீர் ஆகிய மூன்றுக்கு மட்டும் செலவழித்தால், அந்தப் பணத்தின் பயன் குடியிருக்கும் காலத்திலேயே கிடைத்துவிடும், பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றி அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

இந்தப் பகுதி வீடுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இதன் காரணம் விளங்கும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆகிய இடங்களின் பழைய தெருக்களில் வீட்டின் இரண்டு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டுச் சுவர்களோடு ஒட்டியே இருக்கும். ஜன்னல் வைக்க முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விட்டால் இடம் கிடையாது. நடுவில் முற்றம் விட்டு ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டைப் பிற்காலத்தில் போர்ஷன்களாகப் பிரித்து, முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடி வாடகைக்கு விட்டிருப்பார்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றிலும் உப்பு, பல தெருக்களில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரிலும் உப்பு. கூடவே பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் தரும் கொசுக்கள். வேறு ஊர்க்காரர்கள் சொல்லும் வீட்டு அலங்கார யோசனைகள் பெரும்பாலும் இந்தச் சூழலுக்குப் பொருந்துவதில்லை.

எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் வீட்டு உரிமையாளரிடம் பேசியாக வேண்டும். ராயபுரம் வீட்டின் உரிமையாளர் வயதில் மூத்தவர். தன் அப்பா கட்டிய வீடு என்பதால் ஓர் ஆணி அடிப்பதையும் தாங்கமாட்டார். அவரிடம் நான் முதலில் கேட்டது எங்கள் வசதிக்கான எதையும் அல்ல. பின்பக்க ஜன்னல் கதவின் கீல் துருப்பிடித்துக் கதவே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுத்துக் காட்டி, "ஐயா, இதை இப்பவே மாத்திட்டா கதவு பொழைக்கும், மழைக்கு அப்புறம் மாத்தினா மரமே போயிடும்" என்றேன். அவரே தச்சரை அனுப்பிவைத்தார். அதன் பிறகு நாங்கள் கேட்ட ஒவ்வொன்றையும் அவர் காதுகொடுத்துக் கேட்டார். அனுமதி கேட்கும்போது நான்கு விஷயங்களைச் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது: என்ன செய்யப் போகிறோம், யார் செலவு, காலி செய்யும்போது அது யாருக்கு, சுவருக்கும் மரத்துக்கும் என்ன ஆகும். பேசி முடித்ததும் அதே விவரத்தை வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதி அனுப்பி, அவர் "சரிம்மா" என்று பதில் போடும்வரை வேலையைத் தொடங்க மாட்டேன். வாய்ப்பேச்சை இரண்டு வருடம் கழித்து யாரும் அப்படியே நினைவில் வைத்திருப்பதில்லை. அவர்மேல் நம்பிக்கை இல்லாமல் செய்வதல்ல இது.

சட்டமும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எந்தப் பழுதுபார்ப்பு யாருடைய பொறுப்பு என்பதைத் தன் இரண்டாம் அட்டவணையில் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய் வரிசையை மாற்றுதல், மின் வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், குழாய்த் திருகு, சுவிட்ச், பிளக் பாயின்ட், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. கட்டுமானத்தில் மாற்றம் செய்ய உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். இந்தப் பட்டியலை நான் யாரிடமும் சண்டைக்கு எடுத்துப் போனதில்லை. ஆனால் எதற்கு நாம் செலவு செய்யலாம், எதற்கு அவரிடம் கேட்கலாம் என்று மனத்துக்குள் கோடு போட்டுக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

ராயபுரம் வீட்டில் எங்களை அதிகம் படுத்தியது சுவர். படுக்கையறையின் உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு வண்ணம் கொப்பளித்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. காலையில் பெருக்கிவிட்டுப் போனால் மாலைக்குள் சுவரோரம் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: ஈரம் தாங்கும் பெயின்ட் அடி, ஸ்டிக்கர் வால்பேப்பர் ஒட்டு, பஞ்சு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டினால் சுவரே தெரியாது. அந்தத் தெருவிலேயே பல வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்த மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரல் முட்டியால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். இடுப்பு உயரம்வரை 'பொத்' என்று ஒலித்த சுவர், அதற்கு மேல் கெட்டியாக ஒலித்தது. "கீழேர்ந்து ஈரம் ஏறுதும்மா. நீங்க மேல அடைச்சீங்கன்னா அது பக்கத்துல ஒடைச்சிக்கினு வரும்" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் எளிமையானது. அந்தக் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் பலவற்றில், அடித்தளத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு இருக்காது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தச் சுவர் மண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. நீரோடு உப்பும் ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் அங்கேயே படிகமாகத் தங்கி, பருத்து, பூச்சை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. மேலே நீர் புகாத பூச்சையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ வைத்து மூடினால் ஆவியாக வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது; ஷீட்டுக்குப் பின்னால் பூஞ்சையும் பிடிக்கிறது. வாடகைக்கு இருப்பவரால் அஸ்திவாரத்தைச் சரிசெய்ய முடியாது. ஆகவே அந்த ஈரம் வெளியேற வழிவிட்டு, அதோடு சுத்தமாக வாழ்வது எப்படி என்று மட்டுமே யோசித்தோம்.

உதிரும் பெயின்டையும் உப்பையும் காய்ந்த நிலையிலேயே தேங்காய்நார் பிரஷால் தேய்த்து எடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். விழுந்த தூளை உடனே வாரி வீட்டுக்கு வெளியே கொட்ட வேண்டும். பிளாஸ்டிக் பெயின்டின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது என்பதால், பழைய பெயின்ட் இருந்த இடத்தையெல்லாம் பட்டைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, இடுப்பு உயரம்வரை வெறும் சுண்ணாம்பை இரண்டு கை அடித்தோம். மேலே இருந்த க்ரீம் நிறத்தோடு அது முழுதாக ஒத்துப்போகவில்லை. ஒரு கோடு தெரியத்தான் செய்தது. ஆனால் உப்பு வந்தாலும் சுண்ணாம்பு கொப்பளிக்காமல் மெல்லத் தூளாகவே உதிர்ந்தது. ஆண்டுக்கு ஒரு முறை பொங்கலுக்கு முன்பு அந்தப் பட்டையை மட்டும் மறுபடி அடித்துக்கொண்டால் போதுமானதாக இருந்தது. பீரோவையும் கட்டிலையும் அந்தச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு, பீரோவின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளும் ரப்பர் புஷ்ஷும் வைத்தோம். காற்று போய்வர இடம் கிடைத்ததும், ஐப்பசி கார்த்திகை மழையில் துணிகளில் ஏறும் அந்த முடை நாற்றம் பெரிதும் குறைந்தது. சுவருக்குப் பணம் செலவழிக்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, தட்டிப் பாருங்கள், உப்பு பூக்கும் சுவர் என்றால் அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள் என்பதுதான்.

ஆணிக்கும் இதே சுவர்தான் பதில் சொல்கிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சில் டிரில் வைத்தால், கால் அங்குலத் துளைக்கு உள்ளங்கை அகலம் பூச்சு பெயர்ந்து வரும். பிளாஸ்டிக் பிளக் உள்ளே பிடிக்காமல் சுற்றும். பிசின் வைத்து ஒட்டும் கொக்கிகளும் சுண்ணாம்பில் நிற்பதில்லை. அவை டைல்ஸ், கண்ணாடி, எவர்சில்வர், எனாமல் அடித்த மரம் ஆகியவற்றில்தான் பிடிக்கும். எனவே சுவரை விட்டுவிட்டு மரத்தையும் இரும்பையும் பயன்படுத்தினோம். ஜன்னல் கம்பிகளில் எஸ் வடிவக் கொக்கிகள் மாட்டினோம். கூரையில் தூளி கட்டுவதற்காக இருந்த பழைய வளையத்தில் வெங்காயக் கூடை தொங்கியது. பாத்திரங்களுக்கும் மளிகைக்கும் மண்ணடியில் துளையிட்ட ஆங்கிள் ரேக் ஒன்று வாங்கினோம். நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கும் வகை. கழற்றினால் சட்டங்களாகப் பிரிந்து, குட்டி யானையில் ஓர் ஓரத்தில் அடங்கிவிடும். கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வைத்து, ரேக்கின் மேல் முனையை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிட வேண்டும். ஏறிப் பார்க்கும் வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. திருகு, கொக்கி எதுவானாலும் கடற்கரைப் பக்கத்தில் சாதாரண இரும்பு ஒரு மழைக்காலம்தான் தாங்கும். விலை கூடினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளையே வாங்குங்கள். துருப்பிடித்த திருகு பிற்பாடு கழன்று வராது, மரத்தில் கறையையும் விட்டுச்செல்லும்.

டிரில் போட்டே ஆக வேண்டிய புதிய கட்டடங்களில், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடக் கூடாது. உள்ளே ஓடும் வயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் இருக்கும்.

இனி காற்று. ராயபுரத்துச் சமையலறையில் இருந்த ஒரே திறப்பு, மேலே லூவர் கண்ணாடிகளை, அதாவது சாய்வான கண்ணாடிப் பட்டைகளை, அடுக்கிய வென்டிலேட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும் என்று வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். உடைக்காமலேயே செய்யலாம் என்று தச்சர் வழி காட்டினார். லூவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி, செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டோம். வென்டிலேட்டரின் உள்ளளவுக்கு மரைன் பிளைவுட் பலகை ஒன்றை அறுத்து, நடுவில் ஃபேனுக்கு வட்டம் வெட்டி, பலகையை மரச் சட்டத்தில் நான்கு திருகுகளால் பொருத்தினோம். சாதாரண பிளைவுட் மழைச்சாரலில் இதழ் இதழாகப் பிரிந்துவிடும் என்பதால், 710 என்று முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே தச்சர் கேட்டு வாங்கினார். பலகையின் வெட்டு ஓரங்களுக்கும் பெயின்ட் அடிக்கச் சொன்னார். தண்ணீர் முதலில் புகுவது அந்த ஓரங்களில்தான். தாளிக்கும்போது கண் எரிந்து இருமிக்கொண்டே இருந்த என் மாமியார், அந்த ஃபேன் வந்த பிறகு சமையலறையில் மணை போட்டு உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார். வீட்டுக்காகச் செய்த எந்தச் செலவும் எனக்கு அவ்வளவு நிறைவைத் தரவில்லை.

கொசுவலைக்கு ஒரு குறிப்பு மட்டும். வெல்க்ரோ பட்டையைச் சுவரில் ஒட்டாமல் ஜன்னலின் மரச் சட்டத்தில், ஈரமில்லாமல் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். இரும்பு வலை உப்புக்காற்றில் பொடிந்துவிடும் என்பதால் நைலானோ ஃபைபர் வலையோ வாங்க வேண்டும். வலை வந்த பிறகுதான் மாலையில் ஜன்னலைத் திறந்து வைக்க முடிந்தது. கொசுவுக்குப் பயந்து ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் இறுக மூடிக்கொள்ளும் பழக்கத்தால்தான் இங்கே பல வீடுகள் இரவெல்லாம் புழுங்குகின்றன. கடற்காற்று வீசும் நேரமும் அதுதான்.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னை வீடுகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. போர் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறிக் குழாயில் வரும். மெட்ரோ வாட்டரை வாசல் பக்க அடிபம்பில் அடித்துக் குடத்தில் சுமக்க வேண்டும். எங்கள் வீட்டில் சமையலறையின் தரையில் வரிசையாகக் குடங்கள் இருக்கும். ஒவ்வொரு சொம்பு தண்ணீருக்கும் குனிய வேண்டும். மாமியாரின் முட்டிவலிக்கு நாங்கள் செய்த மருத்துவம், அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்றும் அதற்கு இரண்டரை அடி உயரத்தில் ஓர் இரும்பு ஸ்டாண்டும்தான். அறுபது லிட்டர் பிடிக்கும் டிரம் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே அறுபது கிலோ; அதனால் ஸ்டாண்டின் நான்கு கால்களும் தரையில்தான் நிற்க வேண்டும், சுவர் ஷெல்ஃபை நம்பக் கூடாது. டிரம்மின் குழாய்க்கும் கீழே ஒரு செம்பு நிற்கும் அளவு இடைவெளி விட்டு ஸ்டாண்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள். இதில் உரிமையாளரின் அனுமதி தேவையில்லை, சுவரில் கீறல் இல்லை. இன்றும் அதே டிரம்தான் புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் சமையலறையில் நிற்கிறது.

சொட்டும் குழாயை நாமே சரிசெய்துகொள்ளலாம். முதலில் வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வு எங்கே இருக்கிறது, அது முழுதாக மூடுகிறதா என்று பார்த்துவையுங்கள். வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுவதோடு முடிந்துவிடும். குழாயையே மாற்றும்போது, மரையில் டெஃப்லான் டேப்பைக் குழாய் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்துவிடும். உப்புத் தண்ணீர் வரும் இடத்தில் மெருகு போட்ட குழாய்கள் சீக்கிரமே பச்சை பூத்துவிடும்; நல்ல பிளாஸ்டிக் குழாய் பார்வைக்கு எளிமையாக இருந்தாலும் நீண்ட நாள் உழைக்கிறது. ஆனால் சுவருக்குள் இருப்பது பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் என்றால் ஸ்பேனரை வேகமாகத் திருப்ப வேண்டாம். உள்ளே மரை அரித்துப்போயிருந்தால் பைப்பே முறிந்து கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் பிளம்பரையும் உரிமையாளரையும் கூப்பிட்டுவிடுங்கள். குளியலறையின் உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஆசிட் கறையோடு சேர்த்து மொசைக் தரையையும் சிமென்ட் இணைப்புகளையும் தின்றுவிடும். பளபளப்பு போன மொசைக்கை மறுபடி பாலிஷ் போடாமல் மீட்க முடியாது, அதற்கான பணம் அட்வான்சில்தான் கழியும். வினிகரைக்கூடக் குழாயிலும் டைல்ஸிலும் மட்டும் பயன்படுத்துங்கள். மொசைக்குக்கு சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும்.

மின்சாரத்தில் முதல் வேலை எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது. ராயபுரம் வீட்டில் ஃப்ரிட்ஜைத் தொட்டால் கையில் 'சுருக்'கென்று ஏறியது. மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருந்தது, ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. எலக்ட்ரீஷியன் தம்பி டெஸ்ட் லேம்ப்பை வைத்துக் காட்டியதும், உரிமையாளர் எர்த் குழி போடவும், பழைய ஃபியூஸ் பெட்டியோடு மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை வைக்கவும் ஒப்புக்கொண்டார். உட்புற வயரிங் அவர் பொறுப்பு என்பதால் மட்டும் அவர் இசைந்தார் என்று நான் நினைக்கவில்லை. மற்ற போர்ஷன்களிலும் குழந்தைகள் இருந்தார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் எல்லோரும், டைல்ஸையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஈரக்கை, இரும்புப் பாத்திரம், அடிபம்பு, மோட்டார் என்று புழங்கும் நம் வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயின்ட் உயிரோடு விளையாடுவது.

அதன் பிறகு ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் அளவில் இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும். ஒரு ஃபேன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 32 யூனிட் குறையும். உரிமையாளரின் ஃபேனைத் துடைத்து, இறக்கைகளைத் தனியாகக் கழற்றிச் சுற்றி, பரணில் வைத்துவிட்டுப் புதியதை மாட்டினோம். புதிய ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது. அந்த இணைப்பிலிருந்து ரெகுலேட்டரை விலக்கிவிடச் சொல்லுங்கள். நடு அறையின் இருட்டுக்கு, கூரைக்கு மட்டும் நல்ல வெள்ளை அடித்து, 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட்டைச் சுவரின் உயரமான இடத்தில் போட்டோம். திரைச்சீலைக்கு வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் மெல்லிய வெளிர்நிறக் காட்டன் துணியாக எடுத்துத் தைத்துக்கொண்டேன். அடர் நிறத்தில் எடுத்திருந்தால் வந்த கொஞ்ச வெளிச்சமும் போயிருக்கும்.

புது வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு வந்தபோது சுவர் பிரச்சினை தீர்ந்து வெயில் பிரச்சினை வந்தது. பகலெல்லாம் மொட்டை மாடி வாங்கிய வெயில் இரவு முழுவதும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தாராளமா அடிச்சிக்கோம்மா, ஆனா மழைத்தண்ணி போற ஓட்டைய அடைச்சிடாத" என்றார். சுண்ணாம்புக் கற்களை இரும்பு டிரம்மில் முந்தின நாளே தாளித்து வைத்தோம். டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் கற்களைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் அவசியம், பிள்ளைகளை மாடிக்கு விடவே கூடாது. ஆறிய கலவையைத் துணியில் வடிகட்டி, ஃபெவிகால் வகைப் பசை கலந்து, மாடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின், வெயில் தாழ்ந்த நேரத்தில் தென்னந்துடைப்பத்தால் மெல்லிய பூச்சாகப் பூசினோம். முதல் பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. திக்காக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் ஏடு ஏடாக உரிந்து வந்துவிடும். கத்திரி தொடங்கும் மே மாதத்துக்கு நன்றாக முன்பே, மாசி பங்குனியில் இதை முடித்துவிட்டால் கோடை முழுவதும் பயன் தரும். வடகிழக்குப் பருவமழையில் பெரும்பகுதி கரைந்துபோகும், அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஏ.சி. இல்லாத எங்கள் வீட்டில் இரவில் ஃபேன் காற்று அனலாக இறங்குவது நின்றது. வீட்டுக்கார அம்மா அடுத்த ஆண்டு சுண்ணாம்புக்கான செலவில் பாதியைத் தானே கொடுத்தார்.

ராயபுரம் வீட்டைக் காலி செய்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் உழைப்பில் பாதிப் பணமாவது அங்கேதான் காப்பாற்றப்பட்டது. குடிபுகுந்த அன்றே ஒவ்வொரு சுவரையும், தரையையும், குழாயையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். காலி செய்வதற்கு முந்தின வாரம் எக்ஸாஸ்ட் ஃபேன் பலகையைக் கழற்றி, பரணிலிருந்த லூவர் கண்ணாடிகளைப் பழைய இடத்திலேயே செருகி, திருகுத் துளைகளை மக்கு வைத்து அடைத்து, உரிமையாளரின் ஃபேனை மறுபடி மாட்டினோம். கொசுவலையை மட்டும் கழற்றவில்லை. அளவு அந்த ஜன்னலுக்கே உரியது, அடுத்து வந்தவர்கள் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் வீட்டோடு நின்றன.

அட்வான்ஸ் கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. பெயின்டிங் செலவுக்கு என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது வழக்கம் என்றார் உரிமையாளர். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. வெள்ளையடிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்றும், இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை என்றும் சட்டத்தில் இருப்பதை என் கணவர் எடுத்துச் சொன்னார். நான் பழைய படங்களையும், ஆண்டுதோறும் நாங்கள் சுண்ணாம்பு அடித்த சுவரையும் காட்டினேன். பெரியவர் சற்று நேரம் படங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதி மாத வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டார். வெளியேறிய ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அவர் சாவி வாங்கிய அன்றே கொடுத்துவிட்டார்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது வழக்கமாகவே இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், வீடு கிடைக்காத அவசரத்தில் பலரும் அதற்கு இசைந்துவிடுகிறோம். அவ்வளவு பெரிய தொகை அடுத்தவர் கையில் இருக்கும்போது, பெயின்டிங் கழிவு உண்டா, உண்டென்றால் எவ்வளவு, நாம் பொருத்திய எதையெல்லாம் கழற்றிக்கொள்ளலாம் என்பவற்றைக் குடிபோகும் முன்பே எழுதிவிட வேண்டும். புது வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டபோது, ஃபேன், விளக்கு, ரேக், தண்ணீர் டிரம் ஆகியவை எங்களுடையவை என்றும், பெயின்டிங்குக்குக் கழிவு கிடையாது என்றும் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னோம். வீட்டுக்கார அம்மா மகனிடம் போனில் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். அந்த வரிகள் ஏறிய பிறகுதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.